புகார் மனுவும் ஓர் அமானிதமே

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் பேஷ் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)



எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் இறைவனுக்கே உரித்தாகுக. ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் சற்று முன்னர் உங்கள் முன் வாசிக்கப்பட்டன. அவ்வறிக்கையில், ஜமாஅத் அலுவலகத்திற்கு வந்த முறையீடுகள் என்ற தலைப்பில் ஒரு சிறு பத்தி உள்ளது. திருமணப் பிணக்குகளும் பாகப்பிரிவினை வழக்குகளும் எக்காலத்தும் வருபவை. அவற்றுக்கு அடுத்தபடியாக இவ்வாண்டு மிகுதியாக வந்தவை கட்டடங்கள் பற்றிய முறையீடுகளாகும். எனவே, இன்று இத்தலைப்பிலேயே சில செய்திகளை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

மூன்று வகை முறையீடுகள்

வந்த முறையீடுகளைத் தொகுத்துப் பார்த்தால் அவை மூன்று வகைக்குள் அடங்கிவிடுகின்றன.

முதலாமவர் கூறுகிறார்: “என் வீட்டை ஒட்டிய மனையில் வணிக வளாகம் எழும்புகிறது. பக்க இடைவெளி ஒரு முழம்கூட விடவில்லை. பகலிலும் விளக்கு ஏற்றித்தான் அடுப்படியில் நிற்கிறோம். மூன்று முறை மனு கொடுத்துவிட்டேன். ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்ற பதிலைத் தவிர வேறெதுவும் வரவில்லை.”

இரண்டாமவர் கூறுகிறார்: “எங்கள் தெருவில் பத்து வீடுகள் தெருவை நோக்கி நீண்டுள்ளன. நோட்டீஸ் வந்ததோ எனக்கு மட்டும். எவரோ வேண்டுமென்றே எழுதிப் போட்டுள்ளார்.”

மூன்றாமவர் கூறுகிறார்: “நான் சட்டப்படி வரைபட அனுமதி கேட்டு விண்ணப்பித்து மாதக்கணக்கில் அலைந்தேன். கேட்காமலேயே கட்டியவர் குடிபுகுந்து விருந்தும் வைத்துவிட்டார்.”

முதலாவது, அதிகாரம் உள்ளவர்கள் செயல்படாமை. இரண்டாவது, ஆள் பார்த்துச் செயல்படுவது. மூன்றாவது, நேர்மையாக வருபவரை அலைக்கழிப்பது. இம்மூன்றும் நியாயமான மனக்குறைகளே. இவை நமது ஊருக்கு மட்டும் உரியவையும் அல்ல. தமிழ்நாட்டின் எந்த நகராட்சியின் வாசலில் நின்றாலும் இம்மூன்று குரல்களையும் கேட்கலாம். ஆயினும், நாம் குறைகூறும் நேரத்தில் நமது கைகளும் தூய்மையாக இருக்கின்றனவா என்ற நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. அதற்கும் வருவேன்.

சட்டத்தில் அதிகாரம் இல்லையா?

உள்ளாட்சிகளுக்குப் போதிய அதிகாரம் இல்லை என்று சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அனுமதியின்றியோ, அனுமதித்த வரைபடத்திற்கு மாறாகவோ கட்டினால் அறிவிப்பு அனுப்பவும், பணியை நிறுத்தவும், கட்டடத்தைப் பூட்டி முத்திரையிடவும், இறுதியில் அகற்றவும் அச்சட்டம் வழிசெய்கிறது. 2019இல் வெளியிடப்பட்ட ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், மாநகராட்சி முதல் ஊராட்சி வரை ஒரே அளவுகோலைக் கொண்டுவந்தன. பக்க இடைவெளி எவ்வளவு, சாலையின் அகலத்திற்கேற்பக் கட்டடத்தின் உயரம் எவ்வளவு, வாகன நிறுத்தம் எவ்வளவு என்பனவெல்லாம் அவற்றில் எழுதப்பட்டுள்ளன.

அப்படியிருந்தும் ஏன் செயல்படவில்லை? கையூட்டு ஒரு காரணம் என்பதை மறைப்பதில் பொருளில்லை. ஆனால் அது ஒன்றே காரணம் என்று கூறிவிட்டு ஒதுங்கிவிடவும் கூடாது. பல ஊர்களில் நகர் முழுவதையும் ஒரே நகரமைப்பு ஆய்வாளர் பார்க்க வேண்டியுள்ளது. 2016 அக்டோபரில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களின் காலம் முடிந்த பிறகு, 2022 பிப்ரவரியில் தேர்தல் நடக்கும் வரை, ஐந்தாண்டுகளுக்கும் மேலாகத் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் மன்ற உறுப்பினரே இல்லை. தனி அலுவலர்களே நிர்வகித்தனர். வார்டில் கடைக்கால் தோண்டும்போதே போய்ச் சொல்வதற்கு ஒரு மனிதர் இல்லாத காலம் அது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் ஒன்றுண்டு. மீறியவர்களை மீண்டும் மீண்டும் மன்னித்துவிடும் வழக்கமே அது. 1998இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113ஏ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. விதிமீறிய கட்டடங்களைக் கட்டணம் பெற்றுக்கொண்டு வரன்முறைப்படுத்துவதற்கான ஏற்பாடு அது. ஒரே ஒரு முறை மட்டும் தரப்படும் சலுகை என்றுதான் கூறப்பட்டது. 1999 பிப்ரவரி 28 வரை கட்டப்பட்டவை என்ற எல்லையும் வகுக்கப்பட்டது. பின்னர் 2000, 2001, 2002 ஆகிய ஆண்டுகளின் திருத்தங்களால் அந்த எல்லை தள்ளிக்கொண்டே போயிற்று. 2006 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நீட்டிப்புகளைச் செல்லாதவை என்று தீர்ப்பளித்தது. அதன்பின் 2012இல் 113சி என்ற மற்றொரு பிரிவு வந்தது. 2007 ஜூலை 1க்கு முன் கட்டப்பட்டவற்றுக்கு அதன்மூலம் மறுபடியும் வழி திறக்கப்பட்டது.

சகோதரர்களே! இந்த வரலாற்றிலிருந்து ஒரு சாமானிய மனிதன் கற்றுக்கொள்ளும் பாடம் என்ன? விதியை மதித்து மூன்று பக்கமும் இடம் விட்டவன் தன் மனையின் ஒரு பகுதியை இழந்தான். விதியை மீறியவன் சில ஆண்டுகள் வாடகை சம்பாதித்து, அதில் ஒரு சிறு பங்கைக் கட்டணமாகச் செலுத்திச் சட்டப்பூர்வமானவன் ஆகிவிட்டான். இதைக் கண்கூடாகக் கண்ட பிறகு அடுத்த வீட்டுக்காரன் ஏன் இடம் விடப்போகிறான்? இரக்கம் நல்ல குணமே. ஆனால் மீறியவன்மீது மட்டும் காட்டப்படும் இரக்கம், மீறாதவனுக்கு இழைக்கும் அநீதியாகிவிடுகிறது.

விதிகள் வெறும் காகிதமல்ல

“நான்கடி இடைவெளியில் என்ன வந்துவிடப் போகிறது?” என்று கேட்பவர்கள் உண்டு. என்ன வரும் என்பதைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத் தீயில் 94 குழந்தைகள் மாண்டனர். ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள், குறுகிய மாடிப்படி, வகுப்பறைகளின் மேல் கூரைக் கொட்டகை. சமையற்கட்டில் பற்றிய தீ கூரைக்குத் தாவியபோது குழந்தைகளால் வெளியேற இயலவில்லை. அந்தக் கட்டடம் ஓர் இரவில் முளைத்ததன்று. ஆண்டுக்கணக்கில் எல்லோர் கண்முன்னும் நின்றது. பார்க்க வேண்டியவர்கள் அதனைக் கடந்து சென்றுகொண்டிருந்தார்கள். வழக்கு முடிந்து பத்துப் பேருக்குத் தண்டனை வழங்கப்பட்டபோது ஆண்டு 2014. பத்தாண்டுகள் சென்றிருந்தன.

சென்னை தியாகராய நகரைப் பாருங்கள். 2011 அக்டோபர் இறுதியில் ரங்கநாதன் தெரு, உஸ்மான் சாலைப் பகுதிகளில் விதிமீறிய வணிகக் கட்டடங்கள் பல பூட்டி முத்திரையிடப்பட்டன. 2012 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவின்பேரில் அவை திறக்கப்பட்டன. 2017 மே 31 அதிகாலையில் உஸ்மான் சாலையில் ஏழு மாடி ஜவுளிக் கட்டடம் ஒன்று தீப்பற்றியது. அடுத்த நாள் வரை எரிந்து, இடிந்து, பின்னர் முற்றிலும் அகற்றப்பட்டது. கடை திறக்காத நேரமாதலால் பேரிழப்பு நேரவில்லை. அதே தீ மாலை ஆறு மணிக்கு, பெருநாள் துணி எடுக்கும் கூட்டத்தின் நடுவே பற்றியிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கவும் நெஞ்சம் பதறுகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2014 ஜூன் 28 அன்று சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். பெரும்பாலோர் பிழைப்புத் தேடி வந்த கட்டுமானத் தொழிலாளர்கள். அக்கட்டடத்திற்கு அனுமதி இருந்தது! எனவே, கையில் முத்திரையிட்ட காகிதம் இருப்பது மட்டும் போதாது. காகிதத்தில் உள்ளபடியும் தரமாகவும் கட்டப்படுகிறதா என்று நேரில் வந்து பார்க்கும் கண் வேண்டும். உள்ளாட்சியின் கடமை அனுமதிச் சீட்டில் முடிவதன்று, அங்கேதான் தொடங்குகிறது.

நமது மஹல்லாவில் நடப்பதையே எடுத்துக்கொள்வோம். சந்துகளில் வாசற்படிகள் நீண்டு நீண்டு, இன்று சில திருப்பங்களில் ஜனாஸாவைச் சுமந்து செல்லும் சந்தூக்கைச் சாய்த்துத்தான் திருப்ப முடிகிறது. இறந்தவருக்கே வழி இல்லாத சந்தில், நெஞ்சுவலி வந்தவரைத் தூக்கிச் செல்ல ஆம்புலன்ஸ் எப்படி வரும்? தீயணைப்பு வண்டி எப்படி வரும்? சந்தூக்கைச் சாய்ப்பவர்களும் நாமே. படியை நீட்டியவர்களும் நாமே.

முன்னோர்கள் இதனை எவ்வாறு அணுகினர்?

இது புதிய பிரச்சினையன்று. பாதையின் அகலத்தில் பிணக்கு நேருமாயின் ஏழு முழம் விடவேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததை ஹதீஸ் நூல்களில் காண்கிறோம். பிற்காலத்தில் கடைவீதியையும் தெருவையும் கண்காணிக்க ‘முஹ்தஸிப்’ என்ற அதிகாரி நியமிக்கப்பட்டார். இன்றைய நகராட்சி ஆய்வாளரின் பணிகள் பலவும் அவருடைய பொறுப்பில் இருந்தன.

ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் ‘அல் அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’ என்ற நூலில் முஹ்தஸிபின் கடமைகளை விரிவாக விளக்கியுள்ளார்கள். அதில் நமக்கு வேண்டிய இரண்டு செய்திகள் உள்ளன.

ஒன்று, மக்கள் நடமாடும் பொதுப்பாதையில் எவரேனும் கட்டினால், பாதை எவ்வளவு அகலமாக இருப்பினும் முஹ்தஸிப் அதனைத் தடுக்கவேண்டும், கட்டியதை அகற்றவும் செய்யவேண்டும். கட்டப்பட்டது பள்ளிவாசலாக இருந்தாலும் சரியே என்று அவர்கள் எழுதுகிறார்கள்! பாதை நடப்பதற்கு உரியது, கட்டுவதற்கு உரியதன்று என்பதே காரணம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், பக்தாதில் காஜியாக விளங்கிய ஒரு மேதை எழுதியது இது.

இரண்டு, ஒருவர் தம் அண்டை வீட்டாரின் எல்லைக்குள் நீட்டிக் கட்டினாலோ, அவருடைய சுவரின்மீது உத்திரத்தை வைத்தாலோ, பாதிக்கப்பட்டவர் முறையிடாத வரை முஹ்தஸிப் தாமாகத் தலையிடுவதில்லை. ஏனெனில் அது அந்த அண்டை வீட்டாருக்கு மட்டும் உரிய உரிமை. அவர் கேட்கலாம், விட்டுக்கொடுக்கவும் செய்யலாம்.

இந்த வேறுபாட்டை நன்கு மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஜன்னல் யார் முற்றத்தைப் பார்க்கிறது, மழைநீர் யார் சுவரில் வடிகிறது என்பன போன்ற இருவருக்கிடையிலான மனத்தாங்கலை ஜமாஅத் பேசித் தீர்க்கலாம், தீர்க்கவும் வேண்டும். ஆனால் தெருவின் அகலமும், தீ பற்றினால் வெளியேறும் வழியும், மழைநீர் ஓடும் வடிகாலும் இருவருடைய சொத்தன்று. அவற்றில் ‘சமாதானம்’ செய்துவைக்கும் உரிமை நிர்வாகத்திற்கும் இல்லை, எனக்கும் இல்லை. அந்தத் தெருவில் இனிமேல் பிறக்கப்போகும் குழந்தைக்கும் அதில் பங்குண்டு. அக்குழந்தையிடம் யார் சம்மதம் வாங்குவது?

ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் துனிஸ் நகரில் இப்னுர் ராமீ என்றொருவர் வாழ்ந்தார். அவர் ஒரு கொத்தனார். கட்டடப் பிணக்குகளில் காஜியின் சார்பாக நேரில் சென்று சுவரை அளந்து, வெடிப்பைப் பார்த்து, அறிக்கை அளிப்பார். அந்த அனுபவத்தைத் தொகுத்துக் கட்டடச் சட்டங்கள் பற்றி ஒரு நூலே எழுதினார். கரண்டி பிடித்த கையின் சாட்சியத்தை நீதிமன்றம் மதித்தது. நமது ஜமாஅத்திலும் கொத்தனார்கள், பொறியாளர்கள், வரைவாளர்கள் இருக்கிறார்கள். பிணக்குகளைப் பேசும்போது அவர்களை நாம் அழைக்கிறோமா?

“எனக்கு மட்டும் ஏன்?”

இரண்டாவது முறையீட்டுக்கு வருவோம். ஆள் பார்த்து எடுக்கப்படும் நடவடிக்கை நமது சமுதாயத்தின் உள்ளத்தை மிகவும் புண்படுத்தியுள்ளது. வட மாநிலங்கள் சிலவற்றில், குற்றம் சாட்டப்பட்டவர்களின் வீடுகள் விசாரணைக்கு முன்பே புல்டோசரால் இடிக்கப்பட்ட செய்திகளை நாம் படித்தோம். அவ்வழக்குகளில் 2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியது. முன்னறிவிப்பின்றி எந்தக் கட்டடத்தையும் இடிக்கக்கூடாது. பதில் அளிக்க உள்ளாட்சிச் சட்டம் கூறும் காலம் அல்லது பதினைந்து நாட்கள், இவற்றில் எது அதிகமோ அது தரப்படவேண்டும். நேரில் விளக்கம் கேட்கவேண்டும். காரணங்களோடு இறுதி உத்தரவு பிறப்பிக்கவேண்டும். அதன் பிறகும் பதினைந்து நாட்கள் அவகாசம் வேண்டும். மீறும் அதிகாரிகள் தம் சொந்தப் பொறுப்பில் ஈடுசெய்ய நேரிடும். அதே நிலையிலுள்ள மற்றவற்றை விட்டுவிட்டுத் திடீரென ஒரு கட்டடத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால், அதன் பின்னால் தீய நோக்கம் இருக்கலாம் என்ற ஐயத்தையும் நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

இத்தீர்ப்பு நமக்கு ஒரு கேடயம். ஆனால் கேடயத்தின் அளவையும் அறிந்திருக்க வேண்டும். சாலை, நடைபாதை, இருப்புப்பாதை ஓரம், நீர்நிலை போன்ற பொது இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டடங்களுக்கு இப்பாதுகாப்பு இல்லை என அதே தீர்ப்பு கூறுகிறது. மேலும், “அவனும் மீறினான், என்னையும் விட்டுவிடு” என்ற வாதம் எந்த நீதிமன்றத்திலும் எடுபடுவதில்லை. சட்டத்தின்முன் சமத்துவம் என்பது சட்டத்தை மீறுவதில் சமத்துவம் ஆகாது என்பது நிலைபெற்ற நீதி. ஆகவே, நோட்டீஸ் பெற்ற சகோதரர் கேட்கவேண்டியது, “எனக்கு ஏன் அனுப்பினீர்கள்?” என்பதன்று. “மற்ற ஒன்பது பேருக்கும் ஏன் அனுப்பவில்லை?” என்று கேட்கட்டும். தம் படியைத் தாமே உள்ளே இழுத்துக்கொண்ட பிறகு அந்தக் கேள்வியைக் கேட்பாரானால் அதன் வலிமையே வேறு.

ஒரு மாதம் கழித்து, 2024 டிசம்பர் 17 அன்று, உத்தரப் பிரதேசத்தின் மீரட் நகர் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் மறுபக்கத்தையும் உறுதிசெய்தது. அதிகாரிகள் தாமதித்தார்கள், நெடுங்காலம் கடந்துவிட்டது, பெரும் பணம் செலவழித்துவிட்டோம் என்பவை எவையும் விதிமீறலுக்கு நியாயமாகா. அனுமதி பெற்ற வரைபடத்தைக் கட்டுமான இடத்தில் பார்வைக்கு வைக்கவேண்டும். அதிகாரிகள் அவ்வப்போது ஆய்வுசெய்து பதிவுசெய்யவேண்டும். நிறைவுச் சான்று பார்த்த பிறகே மின்சாரம், குடிநீர் இணைப்புகள் தரவேண்டும். தவறான சான்று வழங்கிய அதிகாரிமீது துறை நடவடிக்கை வேண்டும். இவையெல்லாம் அத்தீர்ப்பில் உள்ளன. ஒரு கையில் நவம்பர் தீர்ப்பையும் மறு கையில் டிசம்பர் தீர்ப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் நீதி முழுமையாகும்.

அல்லாஹ்வின் வீடும் அனுமதியும்

இப்போது நான்காவது கேள்வி. நமது மதரஸாவின்மேல் இன்னுமொரு தளம் எழுப்பவேண்டும் என்பது பல்லாண்டு ஆசை. நன்கொடையாளர்கள் முன்வந்துள்ளனர். வரைபட அனுமதி இன்னும் கிடைக்கவில்லை. “ரமழானுக்குள் கூரை போட்டுவிடுவோம், அனுமதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அல்லாஹ்வின் வீட்டில் யார் கைவைப்பார்கள்?” என்று சில அன்பர்கள் நல்லெண்ணத்தோடு கூறுகிறார்கள். அவர்களுடைய ஆர்வத்திற்கு இறைவன் நற்கூலி வழங்குவானாக. எனினும், அக்கருத்தை நான் ஏற்க இயலாது.

சென்னை கோயம்பேட்டில், பெருநகர வளர்ச்சிக் குழுமத்திற்கு உரிய நிலத்தில் அனுமதியின்றிக் கட்டப்பட்ட பள்ளிவாசலையும் மதரஸாவையும் அகற்றும்படி சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் உத்தரவிட்டது. 2024 பிப்ரவரி 26 அன்று உச்ச நீதிமன்றமும் அவ்வுத்தரவில் தலையிட மறுத்து, அகற்றிக்கொள்ள மே 31 வரை அவகாசம் அளித்தது. பொதுத் தெருவிலோ பூங்காவிலோ அனுமதியின்றி எந்தச் சமயத்தின் வழிபாட்டுத் தலமும் எழுப்பப்படக் கூடாது என்று 2009ஆம் ஆண்டே உச்ச நீதிமன்றம் ஆணையிட்டிருந்தது. இமாம் மாவர்தீ அவர்களின் சொல்லும் இதுவே என்பதை நினைத்துப் பாருங்கள்.

நமது மதரஸாவின் நிலம் நமக்கே உரியது, அதில் ஐயமில்லை. ஆனால் அதில் ஓதுவது நம் குழந்தைகள். இப்போதைய கட்டடத்தில் உள்ளது ஒரே மாடிப்படி. அதன்மேல் இன்னுமொரு தளம் எழுப்பி இன்னும் பல பிள்ளைகளை ஏற்றிவிட்டு, கும்பகோணத்தை நாம் மறந்துவிடலாமா? அடித்தளம் தாங்குமா, இரண்டாவது படிக்கட்டு எங்கே என்று கேட்பது நகராட்சியின் பகைமையன்று. அந்தக் கேள்விகளை முதலில் நாமே கேட்டிருக்கவேண்டும். நன்கொடையாளர் தரும் ஒவ்வொரு ரூபாயும் அமானிதம். நாளை முத்திரையிடப்படக்கூடிய சுவரில் அதனைக் கொட்ட நமக்கு உரிமை இல்லை.

வழிபாட்டுத் தலம் புதிதாகக் கட்ட மாவட்ட ஆட்சியரின் முன்அனுமதி வேண்டும் என்ற நிபந்தனை நெடுங்காலமாகக் கட்டட விதிகளில் உள்ளது. அதைக் காரணம் காட்டிக் கோப்புகள் ஆண்டுக்கணக்கில் தூங்குவதும் உண்மையே. அந்தத் தாமதம் கண்டிக்கத்தக்கது. அதற்கு மருந்து மேல்முறையீடும் நீதிமன்றமும்தான். இரவோடிரவாகக் கான்கிரீட் போடுவது மருந்தாகாது.

வீடு கட்டும் சகோதரர்களுக்கு ஒரு செய்தி. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட வீடு கட்டுவோருக்கு இணையவழியில் சுயசான்று அடிப்படையில் உடனடி அனுமதி வழங்கும் திட்டம் நடைமுறைக்கு வந்துள்ளது. நம்மில் பெரும்பாலோரின் வீடுகள் இவ்வளவுக்குள் அடங்குபவை. எனவே, ‘அலைய முடியாமல் கட்டிவிட்டேன்’ என்று சொல்வதற்கு இனி இடமில்லை. ஆனால் சுயசான்று என்பது நாமே கையெழுத்திட்டு அளிக்கும் வாக்குறுதி. எவரும் வந்து பார்க்கமாட்டார் என்பதற்காக அதில் பொய் எழுதினால், அது சாட்சியத்தில் செய்யும் பொய்யாகும்.

புகார் செய்யும் முறை

முறையீடு செய்வது தவறன்று. சில வேளைகளில் அது கடமையாகவும் ஆகிவிடும். ஆனால் அதற்கு ஒழுங்கு உண்டு.

முதலாவது, அண்டை வீட்டாரிடம் நேரில் சொல்லுங்கள். சொல்லாமலே எழுதிப் போடுவது உறவை அறுக்கும். இரண்டு பேரை உடன் அழைத்துச் சென்று சொல்லுங்கள். பல வேளைகளில் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டாவது, காலத்தில் சொல்லுங்கள். கடைக்கால் தோண்டும்போது சொன்னால் கயிற்றை நகர்த்திக் கட்டுவார்கள். மூன்றாம் தளம் பூசி முடிந்த பிறகு சொன்னால் எந்த அதிகாரிக்கும் அதனை இடிக்க மனம் வராது.

மூன்றாவது, எழுத்தில் சொல்லுங்கள். “அக்கிரமம் நடக்கிறது” என்று எழுதினால் அது ஒரு பெருமூச்சு மட்டுமே. சர்வே எண், வார்டு, தெரு, கதவு எண், எந்த இடத்தில் எத்தனை அடி மீறல், புகைப்படம், தேதி ஆகியவற்றை எழுதுங்கள். அனுமதி பெற்ற வரைபடம் தெரியாமல் மீறலை நிறுவ முடியாது. தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005இல் வந்துவிட்டது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் அந்த வரைபடத்தின் நகலைக் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் பதில் தரவேண்டும். மனுவுக்கு ஒப்புகை பெறாமல் அலுவலகத்தை விட்டு வெளியேறாதீர்கள்.

நான்காவது, படிப்படியாகச் செல்லுங்கள். முதலில் ஆணையர் அல்லது செயல் அலுவலர். அடுத்து ஆட்சியரகத்தில் திங்கட்கிழமைதோறும் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம். அதிகாரியின் முறைகேடே காரணமாயின், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த உள்ளாட்சி முறைமன்ற நடுவம். இறுதியாக, கொடுத்த மனுவின்மீது முடிவெடுக்கும்படி ஆணையிடக் கோரி உயர் நீதிமன்றம்.

ஐந்தாவது, நோக்கத்தைத் தூய்மையாக வையுங்கள். பாகப்பிரிவினைக் கோபத்தை நகராட்சி மனுவில் தீர்த்துக்கொள்ளாதீர்கள். புகார் எழுதிவிட்டு, ஒரு தொகை பெற்றுக்கொண்டு அதனைத் திரும்பப் பெறுபவர்களும் நாட்டில் இருக்கிறார்கள். அந்தப் பணமும் அதிகாரி வாங்கும் கையூட்டும் ஒன்றே. அவ்வாறே, உறவுக்காரர், செல்வந்தர், நமது ஜமாஅத்தார் என்பதற்காக உண்மையை மறைப்பதும் குற்றமே. புகார் மனு ஒரு சாட்சியம். அதை மறைக்கவும் கூடாது, விற்கவும் கூடாது.

நிர்வாகத்தின் முன் மூன்று வேண்டுகோள்கள்

இப்பொதுக்குழுவின் முன் மூன்று கோரிக்கைகளை வைத்து என் உரையை நிறைவுசெய்கிறேன்.

ஒன்று, வரைபட அனுமதி கைக்கு வந்து, இரண்டாவது படிக்கட்டும் வரைபடத்தில் இடம்பெற்ற பிறகே மதரஸாவின் மேல்தளப் பணி தொடங்கவேண்டும். அதற்காக இந்த ரமழான் கடந்தாலும் கடக்கட்டும். அதுவரை நன்கொடைத் தொகை தனிக் கணக்கில் இருக்கட்டும்.

இரண்டு, பள்ளிவாசலுக்குச் சொந்தமான கடைகளில் வாடகைதாரர்கள் வடிகாலின்மேல் நீட்டியுள்ள தகரக் கூரைகளை அகற்ற நிர்வாகம் அவர்களுக்கு அறிவிப்பு அளிக்கட்டும். நகராட்சி வந்து சொல்லும்வரை காத்திருப்பது நமக்கு அழகன்று. அதனால் வாடகை குறையுமாயின், அந்தக் குறைவைப் பொதுக்குழு மனமுவந்து ஏற்கட்டும்.

மூன்று, ஒரு பொறியாளர், ஒரு கொத்தனார், ஒரு வழக்கறிஞர் ஆகியோர் அடங்கிய சிறு குழு ஒன்றை ஜமாஅத் அமைக்கட்டும். கட்டடப் பிணக்குகளை அவர்கள் நேரில் சென்று பார்க்கட்டும். பேசித் தீர்க்கக்கூடியதைத் தீர்க்கட்டும். பொதுமக்களின் உரிமை பாதிக்கப்பட்டிருந்தால், மீறியவர் யாராயினும், ஜமாஅத்தின் பெயரிலேயே மனு எழுதட்டும். பெயர் மறைத்து எழுதும் நூறு மனுக்களைவிட, முகம் காட்டி எழுதும் ஒரு மனுவுக்கு மதிப்பு அதிகம்.

இம்மூன்றையும் நாம் நிறைவேற்றிய பிறகு நகராட்சியின் படியேறுவோமாக. அப்போது, “முதலில் உங்கள் கூரையைப் பாருங்கள்” என்று எவரும் நம்மிடம் கூற இயலாது. நமது தெருக்களை விசாலமாக்கவும், அவற்றைவிட நமது உள்ளங்களை விசாலமாக்கவும் வல்ல இறைவன் அருள்புரிவானாக. ஆமீன்.